குண்டடிக்காரருக்கு ஒதுக்கிய கொய்னா

சங்கு ஊதுகிறது. ஆவடிப் பக்கமிருந்து அபாயச் சங்கு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நல்ல பகல். சித்திரை வெயில். என் தோளில் பிள்ளை பெற்ற ஒருத்தி தொங்குகிறாள். அவள் கால் தரையில் இழுபடுகிறது. குழந்தை என் மடியில், பழந்துணியில் சுற்றி. அழவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை.

"எறங்கு! குழியில எறங்கு! இன்னா நின்னுகினு கீற? தலயத் தூக்காத! படு!"

கத்துகிறவர் என் புருஷன் எல்லப்பன். அந்தக் குழியை வெட்டியவரும் அவர்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், ஆள் ஆழத்துக்கு நீளக் குழி. நேராக வெட்டாதே, பாம்பு மாதிரி வளைத்து வெட்டு என்று காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து சொன்னார்கள். ஒரு வளைவில் குண்டு விழுந்தால் அடுத்த வளைவில் கிடப்பவன் பிழைப்பானாம். வளைத்து வெட்டினார். அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் தன்னைப் போல் யாரும் வெட்டவில்லை என்று பீற்றிக்கொண்டார்.

மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தோம். காக்கை கரைந்தது. ரயிலடியில் ஓர் இஞ்சின் புஸ்ஸென்று ஆவி விட்டது. அதற்கே இரண்டு பேர் மூத்திரம் போனார்கள். அப்புறம் ஒரே நீளமாகச் சங்கு. வெளியே வரலாம் என்று அர்த்தம். குண்டு விழவில்லை. குழந்தை அப்போதுதான் வீறிட்டது. எல்லோரும் சிரித்தோம்.

சிரித்தோம், ஆமாம். எமன் ஆகாசத்திலிருந்துதான் வருவான் என்று நம்பியிருந்தோம்.

அது 1942. நான் பொன்னம்மா. ஊர் கள்ளிக்குப்பம். என் அப்பன் ஆத்தாள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். கட்டில் துடைப்பது, மலப்பீங்கான் கழுவுவது, பிணம் தூக்குவது. சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு வார்டு, ஒரு தாழ்வாரம், ஒரு மருந்தறை. பெயர் வேண்டாம். அந்தக் கட்டடமே இப்போது இல்லை. நடந்தது மட்டும் இருக்கட்டும்.

பட்டணம் காலியாகிறது. ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான் என்று பேச்சு. வண்டி வண்டியாக மேற்கே வருகிறார்கள். கட்டில், உரல், கோழிக்கூண்டு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கிழவி. பாடியில் இறங்கினவர்கள் பாதி, அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் கீற்று சாய்த்து உட்கார்ந்தவர்கள் பாதி. வெயிலில் வந்தவர்கள், பசியில் வந்தவர்கள். எங்கள் வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. மருந்து மட்டும் கூடவில்லை.

அந்த வாரம்தான் டாக்டர் மருந்தைப் பிரித்தார்.

டாக்டர் கெட்டவர் அல்ல. நல்ல படிப்பு, நல்ல கை. ஆனால் மேலிடத்துக் காகிதம் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. குண்டடி பட்டு வருகிறவர்களுக்கென்று நல்ல மருந்தைத் தனியே எடுத்து வை. அரக்கு முத்திரை போடு. குண்டு விழுந்தாலொழியத் திறக்காதே. மருந்தறையில் இருந்த இரும்பு பீரோவைத் துடைக்கச் சொன்னார். நான்தான் துடைத்தேன். புண்ணுக்குப் போடும் வெள்ளைத் தூள். வலிக்குப் போடும் ஊசி. பஞ்சு, கட்டுத்துணி. எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினார். பிறகு கொய்னா மாத்திரை டப்பாக்களையும் எடுத்து அடுக்கினார்.

கொய்னா தெரியுமல்லவா? குளிர்காய்ச்சலுக்கு அதை விட்டால் வேறு மருந்து கிடையாது. ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்டை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். நீலகிரியில் காய்ச்சினது பட்டாளத்துக்கே போதவில்லை. அதனால் அது தங்கத்துக்குச் சமானம் ஆயிற்று. தங்கத்தை யார் வெளியே வைப்பார்கள்? பீரோவில் வைத்தார். கை கால் போனவனுக்குக் கொய்னா எதற்கு என்று ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் காய்ச்சல் இல்லை.

மிச்சம் இருந்த கொஞ்சம் கொய்னா கம்பவுண்டர் கைக்குப் போனது.

சாரங்கபாணி என்று பெயர். நாங்கள் நைனா என்போம். வெற்றிலை வாய், வழுக்கைத் தலை. யார் வந்தாலும் 'இன்னாம்மா, சாப்ட்டியா' என்று கேட்கிற மனுஷன். அவர் மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார். சீசாவை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். அதுதான் வழக்கம். காலையில் ஜன்னல் கட்டையில் வரிசையாகச் சீசாக்கள் நிற்கும். தைலச் சீசா, மைச் சீசா, சாராயச் சீசா. நைனா ஒவ்வொன்றிலும் ஊற்றுவார். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, கத்தரிக்கோலால் பல் பல்லாக நறுக்கிய காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவார். பகலுக்குள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆடி போனது. ஆவணி போனது. குண்டு விழவில்லை. மழை விழுந்தது.

அடித்து ஊற்றுகிறது. அயனம்பாக்கம் ஏரி தளும்புகிறது. குழியில் தண்ணீர் நிற்கிறது. நேர்க்குழியாக இருந்தால் ஒரு பக்கம் வெட்டிவிட்டு வடித்திருக்கலாம். இது பாம்புக்குழி. ஒவ்வொரு வளைவிலும் தனித்தனிக் குட்டை. மூடிவிடலாம் என்றார் எல்லப்பன். மூடினால் சட்டம் பாயும் என்றார்கள். மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றார் நைனா. விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. குனிந்து பார்த்தால் தண்ணீர் முழுக்கப் புழு நெளிகிறது. சாயங்காலம் ஆனால் கொசு எழும்பி நேரே வார்டுக்குள் வருகிறது. ஆஸ்பத்திரியில் மட்டுமா? ரயிலடியில் குழி. பள்ளிக்கூடத்தில் குழி. ஆவடிப் பட்டாளத்து முகாமுக்கு மண் எடுத்த பள்ளம் ஊருக்கு ஊர்.

குளிர்காய்ச்சல் வந்தது. பல்லு கிட்டும். மூன்று கம்பளி போட்டாலும் கட்டில் ஆடும். பிறகு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வேர்த்து விடும். மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். அதற்கடுத்த நாள் திரும்பவும் ஆடும்.

ஜன்னல் கட்டையில் சீசா வைக்க இடமில்லை. தரையில் வரிசை. தாழ்வாரம் தாண்டி வரிசை. நைனாவிடம் இருந்த கொய்னா கைப்பிடி அளவு. அப்போது அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கலியாணப் பந்தியில் கடைசிப் பந்திக்கு ரசத்தில் தண்ணீர் விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். யாரையும் வெறும் இலையோடு எழுப்பக் கூடாது. நம் சனத்துக்கு அது பெரிய பாவம். நைனா அதைத்தான் செய்தார். எல்லாச் சீசாவிலும் கொஞ்சம் ஊற்றினார். நாளாக ஆகத் தண்ணீரைக் கூட்டினார். கசப்பு குறைந்தது என்று யாரோ சொன்னதும் நிலவேம்பைக் காய்ச்சிச் சேர்த்தார். கசந்தது. சனம் கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனது.

முழு அளவு விடாமல் கொடுத்தால்தான் அந்தக் காய்ச்சல் வேரோடு போகும். அரை குறையாகக் கொடுத்தால் பதுங்கும், பிறகு பாயும். எனக்குச் சொன்னதே அவர்தான். தெரிந்துதான் ஊற்றினார்.

"பாதிப் பேருக்காச்சும் முழுசா குடு நைனா" என்றேன்.

"எந்தப் பாதின்னு நீ சொல்லும்மே. கைய நீட்டிச் சொல்லு, ஊத்தறேன்."

வரிசையைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகம். பீங்கானை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

ஒருத்தரும் வெறும் சீசாவோடு திரும்பவில்லை. ஒருத்தருக்கும் காய்ச்சல் போகவில்லை.

ஆயுத பூசை வந்தது. ஆஸ்பத்திரியிலும் உண்டு. கத்தரிக்கோல், தராசு, ஊசி, தண்ணீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூட்டிக் கிடந்த இரும்பு பீரோவுக்கும் பெரிய பொட்டாக வைத்தார் நைனா. அரக்கு முத்திரைக்கு மேல் மஞ்சள் செவ்வந்தி மாலை. டாக்டரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே கொய்னா. வெளியே கற்பூரம். தாழ்வாரத்தில் கட்டில் ஆடுகிற சத்தம். பொரியும் கடலையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதில் குறை வைக்கவில்லை.

அன்றைக்கு எல்லப்பன் பொரி வாங்க வரவில்லை. ஆவடியில் மண் சுமந்துகொண்டிருந்த இடத்தில் கூடையோடு உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பல்லு அடிக்கிறது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "இன்னாம்மே, சங்கு ஊதலியே, நா ஏன் ஆடறேன்?" என்று கிண்டல்.

சீசா இல்லை. வீட்டில் ஒரு நீலத் தைலச் சீசா இருந்தது. கழுவிக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். நைனா என்னைப் பார்த்தார். சீசாவைப் பார்த்தார். எல்லோருக்கும் ஊற்றிய அதே அளவு ஊற்றினார். அதே பல் வெட்டிய காகிதம்.

"நைனா, என் ஊட்டுக்காரருக்கு."

"தெரியும்மா. ஒனக்கு மட்டும் முழுசா ஊத்துனா வரிசையில நிக்கற அந்தக் கெழவி மூஞ்சிய நா எப்படிப் பாப்பேன்?"

மறைக்க மாட்டேன். கிழவி எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. எனக்கு இருந்தது ஒரு புருஷன்.

காய்ச்சல் போனது. வந்தது. போனது. வந்தது. மண்வெட்டி பிடித்த கை கயிறாக இளைத்தது. இடது விலாவுக்குக் கீழே கல்லாட்டம் வீக்கம். கண் வெள்ளை மஞ்சளாயிற்று. வார்டில் ஒரு கட்டில் காலியானபோது டாக்டர் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்று கேட்காதீர்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் காலில் விழுந்தேன். பீரோவைத் திறங்கள் ஐயா என்றேன். ஒரு டப்பா போதும் என்றேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். "நாளைக்கே பட்டணத்துல குண்டு விழுந்து நூறு பேரை இங்க கொண்டுவந்து போட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? முத்திரை என் பேர்ல இருக்கு. குண்டு விழட்டும், அன்னிக்கே திறக்கறேன்."

குண்டு விழட்டும். அன்றிலிருந்து நான் அதையே வேண்டினேன். ஊரெல்லாம் விழக்கூடாது என்று அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறது. நான் ஆஸ்பத்திரிக் குழாயடியில் பீங்கான் தேய்த்துக்கொண்டே விழட்டும் விழட்டும் என்றேன். எங்கேயாவது விழட்டும். பீரோ திறந்தால் போதும்.

சங்கு ஊதியது.

கார்த்திகை. காலை. மேகமூட்டம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி. இந்த முறை கிழக்கே ஒரு சத்தம். தூரத்தில், தாழ, பாறை உருளுவது மாதிரி. மறுபடி ஒன்று. இடியா, குண்டா, யாருக்கும் தெரியவில்லை.

"வுழுந்துட்சிடா! பட்டணத்துல வுழுந்துட்சி!"

ரயிலடியிலிருந்து ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். வார்டு முழுக்க அலறல். குழிக்குள் இறங்க முடியாது. கழுத்தளவு தண்ணீர். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. வந்தாயா தாயே என்றேன்.

டாக்டர் மருந்தறைக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அரக்கை உடைத்தார். பீரோக் கதவு கிறீச்சென்று திறந்தது. பார்த்தேன். டப்பா டப்பாவாகக் கொய்னா. ஒன்றின் மேல் ஒன்று. என் கை எட்டும் தூரம்.

"கட்டிலைக் காலி பண்ணுங்க! காய்ச்சல்காரங்களையெல்லாம் தாழ்வாரத்துல போடுங்க! குண்டடிக்காரங்க வராங்க! சுத்த விரிப்பு போடுங்க!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. காய்ச்சல்காரர்களை இறக்கினோம். கையைப் பிடித்து, காலைப் பிடித்து. எல்லப்பனை நான் அக்குளில் பிடித்துத் தூக்கினேன். கனமே இல்லை. தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிற சுவரோரம் கிடத்தினேன். கோணியால் மூடினேன். அவர் கட்டிலில் வெளுத்த விரிப்பை விரித்தேன். நாலு மூலையையும் இழுத்து மடித்தேன். அதுவும் என் வேலை.

டாக்டரிடம் போனேன். "பீரோதான் தெறந்தாச்சே ஐயா. அவருக்கு ஒரு வேளை குடுங்க."

"இரும்மா. அவங்க முதல்ல வரட்டும். எத்தனை பேர்னு தெரியட்டும்."

காத்திருந்தோம். கட்டில்கள் வெள்ளையாகக் காத்திருந்தன. ஊசி கொதித்தது. பஞ்சு வெட்டி வைத்தாயிற்று. நைனா வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி வந்தது. எல்லோரும் ஓடினோம். செங்கல் லாரி. ஒரு மாட்டு வண்டி வந்தது. வைக்கோல். தாழ்வாரத்தில் எல்லப்பனுக்குக் குளிர் நின்று நெருப்பு ஏறியது. மண்வெட்டியைக் கொடு, குழி சரிகிறது என்று பிதற்ற ஆரம்பித்தார். காலியாகக் கிடந்த கட்டிலை அவர் கண் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் பீரோவுக்குள் கை விட்டேன். ஆமாம், விட்டேன். ஒரு டப்பாவைப் பிடித்தும் விட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தது யார் தெரியுமா? நைனா. அழுதுகொண்டே பிடித்தார்.

"வாணாம் பொன்னம்மா. குண்டு பட்டு வர்றவனும் ஒரு பொம்பளைக்குப் புருசன்தானே."

வராத ஒருவனுக்காக அந்த மனுஷன் அழுதார். அவர் விரலை ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பியிருக்க வேண்டும் நான். டப்பாவை விட்டுவிட்டேன். இரண்டு பேர் என்னை வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

சாயங்காலம் ஒரே நீளமாகச் சங்கு ஊதியது. இடிதான் இடித்தது என்றார்கள். கடலோரம் பட்டாளத்தான் பீரங்கி பழகினான் என்றும் சொன்னார்கள். எது என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு குண்டடிக்காரரும் வரவில்லை.

அப்போதாவது கொடுப்பார் என்று எழுந்து போனேன். டாக்டர் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறது என்றார். பீரோவைச் சாத்தினார். மெழுகுத்திரியில் அரக்குக் குச்சியைக் காட்டினார். சிவப்பாகச் சொட்டியது. முத்திரையை ஒரு முறை சரியாக அழுத்தவில்லை, மறுபடி அழுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லப்பனைக் கட்டிலுக்குத் தூக்கலாம் என்றார்கள். தூக்கினோம். விரிப்பு அழுக்காகக் கூடாது, நாளைக்குத் தேவைப்படும் என்று ஒருவன் சொன்னான். விரிப்பை எடுத்துவிட்டு வெறும் பலகையில் கிடத்தினேன். என்னை யாரோ என்று பார்த்தார். நைனா கொண்டுவந்த கசப்புத் தண்ணீரை வாயில் விட்டேன். கடைவாயில் வழிந்தது. மறுநாள் மத்தியானம் வலிப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்தது. கத்தினேன். யாரோ சங்கு ஊதுகிறது என்று நினைத்துக் குழிப் பக்கம் ஓடினார்கள். வலிப்பு நின்றபோது வாயில் ஈ மொய்த்தது. நானே கண்ணை மூடினேன். நானே தூக்கினேன். வேலை செய்கிறவள் நான்தானே.

சண்டை முடிந்தது. வேறு டாக்டர் வந்தார். பீரோவைத் திறக்க உத்தரவும் வந்தது. கதவில் வருஷா வருஷம் வைத்த பொட்டு, குங்குமத்தின் மேல் குங்குமமாகப் பொருக்கு கட்டியிருந்தது. கத்தியால் சுரண்டித்தான் திறந்தார்கள். பஞ்சைப் பூச்சி தின்றிருந்தது. மாத்திரைகள் இரும்புச் சூட்டில் கிடந்து, மழைக்கால ஈரத்தில் ஊறி, பழுப்பாய் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. புதிய டாக்டர் முகர்ந்து பார்த்தார். உதவாது, புதைத்துவிடுங்கள் என்றார்.

புதைக்கக் குழி தேட வேண்டியிருக்கவில்லை. வேப்பமரத்தடியில் தயாராக இருந்தது. நைனா கூடையில் கொண்டுவந்து ஒவ்வொரு வளைவிலும் கொட்டினார். மண் தள்ளினார்கள். நான் நின்று பார்த்தேன். நைனா என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். போய்யா என்றேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை.

எத்தனை பேர் செத்தார்கள், எண்ணிச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். ஊர் பூராவும் எனக்குத் தெரியாது. ஒரு சீசாவின் கணக்கு தெரியும்.

அந்த நாளில் சீசாவுக்கும் தட்டுப்பாடு. செத்தவன் சீசாவைக் கழுவி, இல்லாதவனுக்குக் கொடுத்துவிடுவார் நைனா. எல்லப்பனின் நீலச் சீசா பாடி அஞ்சலைக்குப் போனது. கைக்குழந்தைக்காரி. செத்தாள். அவளிடமிருந்து அயனம்பாக்கத்து முத்துக்குப் போனது. ஏரியில் மீன் பிடிக்கிறவன். செத்தான். அவனிடமிருந்து பட்டணத்திலிருந்து பயந்து ஓடிவந்த ஒரு தையற்காரருக்கு. பேர் தெரியாது. செத்தார். அவரிடமிருந்து எங்கள் கள்ளிக்குப்பத்துத் துளசிக்கு. சித்திரையில் நான் தோளில் போட்டுக்கொண்டு குழிக்கு ஓடினேனே, அவளுக்கு. செத்தாள். அவள் குழந்தைக்கும் காய்ச்சல் கண்டபோது அதே சீசாதான். அது கீழே விழுந்து உடையக்கூட இல்லை.

குழந்தையையும் சேர்த்து ஆறு பேர். ஒரு சீசாவில். சீசா வரிசை தாழ்வாரம் தாண்டி நின்றது என்று சொல்லிவிட்டேன்.

குண்டு பட்டு வந்தவர் ஒருவருமில்லை. அவர்களுக்காக விரித்த விரிப்புகளை நான்தான் மடித்து வைத்தேன். ஒன்றிலும் மடிப்புக் கலையவில்லை.